மலைக்குப் போன நேற்று ரொட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கப்புறம் நான் எழுதினதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும், பேக்கரிக் கதவில் மாட்டுகிற 'இன்று விடுமுறை' அட்டையும்தான். அந்த அட்டையிலும் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறக்கி எழுதியிருப்பேன். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்கிற மாதிரி நினைத்துப் படியுங்கள், சரியாகப் போய்விடும்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போக திருவொற்றியூரில் மெட்ரோ ரயில் ஏறினேன். எதிரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலடியில் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு முதுகுப் பை. மலைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிற பை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடியில் இருந்த ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு ரொட்டிப் பாக்கெட், அதன் தலைமேல் ஏதோ கனமான சாமான். ரயில் குலுங்கும்போதெல்லாம் ரொட்டி கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டிருந்தது.

"ரொட்டியை அடியில வெக்காதம்மா" என்று சொல்லலாமா என்று நாலு ஸ்டேஷன் யோசித்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? யார் இந்தக் கிழவி என்று பார்க்கமாட்டாளா? அதற்குள் நான் இறங்குகிற இடம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். மூடின கண்ணுக்குள் அந்த ரொட்டிதான் இருந்தது. பிறகு அது மறைந்து வேறு ரொட்டி வந்தது. ஆறு ரொட்டி. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த பேக்கரியில் நான் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தேன். எங்கள் பக்கத்துக் காற்றுக்கு வேளைக்கு ஒரு வாசனை. காலையில் கடல் பக்கமிருந்து கருவாடு. மத்தியானம் மணலிப் பக்கமிருந்து, என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு வாடை, மூக்குக்குள் எரியும். அந்தச் சந்துக்குள் மட்டும் எந்த வேளையிலும் ரொட்டி வாசனை. சாத்தாங்காடு இரும்புக் கடைகளுக்கு லோடு ஏற்றப் போகிறவர்கள் சைக்கிளைச் சந்து முனையில் நிறுத்தி ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டுப் போவார்கள். "யக்கா, இதுக்கு காசு கேக்காத" என்பார்கள்.

எனக்கு வேலை, ஆறின ரொட்டியை மெழுகுத்தாளில் சுற்றி நூல் கட்டுவது. புது ரொட்டிக்குச் சிவப்பு நூல். அன்றைக்கு விற்காமல் மிஞ்சினதை மறுநாள் காலையில் எடுத்து, சிவப்பு நூலை அறுத்துப்போட்டு வெள்ளை நூல் கட்டி, கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். அதற்குப் பாதி விலை. யாரும் அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். நல்லா உடுத்தின ஆள் கூட நின்றால், அவர் போகும்வரை கண்ணாடிப் பெட்டியிலிருக்கிற கேக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு குரலை இறக்கி, "கீழ கீதா?" கீழ்த்தட்டில் இருக்கிறதா என்று, அவ்வளவுதான். நானும் பேசாமல் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். அவர்கள் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள்.

நானும் அப்படித்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். வேலை செய்கிறவர்களுக்குக் கீழ்த்தட்டில் இரண்டு எடுத்துக்கொள்ள முதலாளி விட்டிருந்தார். என் மகள் கலா அந்த ரொட்டியில் வளர்ந்தவள். தோசைக்கல்லில் சுட்டுக் கொடுப்பேன், டீயில் நனைத்துக் கொடுப்பேன், உதிர்த்து வெங்காயம் போட்டுத் தாளித்துக்கூடக் கொடுத்திருக்கிறேன். எட்டு வயதில் அவளுக்கு ஒரு வித்தை வந்துவிட்டது. ரொட்டியின் விலாவில் கட்டை விரலை வைத்து ஒரு அமுக்கு. "இது நேத்து. இது முந்தாநேத்து. யம்மா, இது ஞாயித்துக்கிழமது, ஏமாந்துட்ட." ஒரு தரம்கூட தப்பினதில்லை.

சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்னால் என்று நினைக்கிறேன், கலா படிப்பை முடித்துவிட்டு மணலியில் ஒரு கம்பெனியில் லேப் வேலைக்குச் சேர்ந்தாள். டெம்பரரி. குப்பி கழுவுவது, எழுதி வைப்பது. மற்றவர்கள் எல்லாம் பெர்மனென்ட் ஆட்கள். மத்தியானம் அவர்கள் ஒரு மேசையில் சேர்ந்து சாப்பிடுவார்கள், இவள் ஜன்னல் பக்கத்தில் தனியாகச் சாப்பிடுவாள். யாரும் வராதே என்று சொன்னதில்லையாம். வா என்றும் சொன்னதில்லை. அதை அவள் என்னிடம் முறையிட்டும் சொல்லவில்லை, சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அம்மாக்காரிக்குப் பேச்சுவாக்கில் சொல்வதுதான் நன்றாகக் கேட்கும்.

அந்த லேபுக்குப் பெரியவர் ஒரு மேடம். அவருக்கு மலை ஏறுகிற பழக்கம். மாதம் ஒரு சனி ஞாயிறு, ஆபீஸ் ஆட்கள் ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆந்திரா எல்லைப் பக்கம் ஒரு மலைக்குப் போவார்களாம். முதுகில் பை, கையில் கம்பு, ராத்திரி அங்கேயே பாறைமேல் படுக்கை. ஒரு நாள் மேடம் கலாவிடம், "நீயும் வர்றியா?" என்று கேட்டிருக்கிறார்.

வீட்டில் வந்து சொன்னதும் அவள் அப்பா, துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனுஷன், பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"மல மேல இன்னா கோயிலு?"

"கோயில்லாம் ஒண்ணும் இல்ல நைனா."

"கோயிலே இல்லாத மலைக்கு இன்னாத்துக்கு ஏறணும்? சும்மா ஏறி சும்மா எறங்கறதா? நான் முப்பது வர்சம் கப்பல்ல அதத்தான் செஞ்சேன், அதுக்குக் கூலி குட்தாங்க."

கலா சிரித்துவிட்டாள். மேடமும் கூட வருகிறார் என்றதும் சரி என்றார். என்னைப் பார்த்து, "ஏமே, உன் பொண்ணு கூலி வாங்காம லோடு தூக்கப் போறா" என்றார். அந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் பெருமை. எனக்குத் தெரியும்.

இனிமேல்தான் ரொட்டி. வெயில் காலத்தில் மலையில் புல் காய்ந்து கிடக்கும், நெருப்பு மூட்டக்கூடாது என்பது மேடம் போட்ட சட்டம். சோறு கட்டிக்கொண்டு போனால் கனம், மறுநாள் ஊசிப்போகும். அதனால் இரண்டு நாள் மத்தியானத்துக்கும் ரொட்டிதான். கூட வெள்ளரிக்காய், வெங்காயம், வேர்க்கடலையும் வெல்லமும் இடித்தது. எந்த ரொட்டி வாங்குவது என்று அந்த மேசையில் பேச்சு நடந்திருக்கிறது. ஒருத்தர் பன் என்றாராம், ஒருத்தர் துண்டு போட்ட ரொட்டி என்றாராம், போன தரம் வாங்கினது தூளாகிவிட்டது என்று ஒருத்தர். அப்போதுதான் ஜன்னல் பக்கத்திலிருந்து கலா, "மேடம், எங்கம்மா பேக்கரிலதான் வேல செய்றாங்க. நான் கொண்டார்றேன். எந்த ரொட்டி தாங்கும்னு எனக்குத் தெரியும்" என்றிருக்கிறாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். "இங்க வந்து உக்காந்து சொல்லு" என்றாராம் மேடம்.

அந்த மேசையில் உட்கார்ந்ததை அவள் எனக்கு மூன்று தரம் சொன்னாள். ஆக, அந்த ரொட்டிமேல் என்ன ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். எங்கள் பக்கம் ரொட்டி என்றால் ஜுரம் வந்தவன் சாப்பாடு. பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனால் "யாருக்கு முடியல?" என்றுதான் கேட்பார்கள். "ஜுரக்காரன் துன்றத்த துன்னுட்டு எப்டிமே மல ஏறுவா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் எதற்குத்தான் பதில் சொன்னேன்.

கலா என்னிடம் தெளிவாகச் சொன்னாள். "யம்மா, ஆறு ரொட்டி. உப்பு ரொட்டி. முழுசா, துண்டு போடாத. வெள்ள நூலு, இன்னா புரிதா? நேத்து ரொட்டி. புச்சு குட்த்துறாத, அது பைல ஒரு மணி நேரம் தாங்காது."

வெள்ளிக்கிழமை சாயங்காலமே கீழ்த்தட்டிலிருந்து ஆறு எடுத்து ஓரமாக வைத்தேன். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேசை ஞாபகம் வந்தது. படித்தவர்கள். அதிகாரிகள். நூலை அவிழ்த்துப் பார்க்கும்போது, பேக்கரிக்காரி வீட்டிலிருந்து பழசைக் கட்டி அனுப்பியிருக்கிறாள், பாதி விலை ரொட்டி என்று ஒருத்தர் சொல்லிவிட்டால்? என் பெண் முகம் என்ன ஆகும்? கேக்கைப் பார்க்கிற மாதிரி நின்றுவிட்டுக் குரலை இறக்குகிற எல்லா முகமும் என் கண்ணில் வந்தது. அதில் என் முகமும் இருந்தது.

விடியற்காலையில் முதல் அடுப்பு ரொட்டி இறங்கினது. நல்ல நிறம். அழகான ரொட்டி. நான் நேற்று ரொட்டி ஆறையும் திரும்பக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, புதுசில் ஆறு எடுத்தேன். ஆறக்கூட விடவில்லை, கலாவுக்கு வேன் வந்துவிடும். மெழுகுத்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கினேன். மாஸ்டர், அடுப்பைப் பார்த்துக்கொள்கிற பாய், கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார்.

"இன்னாக்கா பண்ற? சூட்டோட கட்னா அது உள்ள வேர்த்துப் பூடும். கலீஜா ஆய்டும்."

"கொஞ்ச நேரத்துல துன்னுடுவாங்க பாய்."

"மலைக்குன்னு சொன்ன?"

"அதான், மலைலதான்."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறு ரொட்டிக்கும் வெள்ளை நூல் கட்டினேன். இருபது வருஷத்தில் புது ரொட்டிக்கு வெள்ளை நூல் கட்டினது அன்றைக்கு ஒரு நாள்தான்.

கலா வந்து பையை வாங்கினாள். வாங்கினதும், "இன்னாம்மா, சுடுது?" என்றாள்.

"அடுப்பாண்ட வெச்சிருந்தேன்" என்றேன்.

அவள் கட்டை விரல் ஒரு நொடி பைமேல் நின்றது. வெளியே வேன் ஆரன் அடித்தது. "சரி, வர்றேன்" என்று ஓடிவிட்டாள். அமுக்கிப் பார்க்கவில்லை. அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தாள். மலையைப் பற்றிச் சொன்னாள். பாறைக்குள் தண்ணீர் தேங்கி நிற்குமாம், அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாமாம். மீன் வந்து காலைக் கடிக்குமாம். குளிரில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்களாம். எல்லாம் சொன்னாள். ரொட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

"ரொட்டி?"

"வீணாப் பூட்சிம்மா."

முதல் நாள் மத்தியானம் பையைப் பிரித்தபோது ஆறும் ஒன்றோடு ஒன்று அப்பிக்கொண்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவு மாதிரி இருந்ததாம். பிய்த்துப் பிய்த்துக் கொஞ்சம் தின்றிருக்கிறார்கள். மறுநாள் புளித்த வாடை. தூக்கிப் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் ஏறி இறங்கின எட்டுப் பேர் வெள்ளரிக்காயும் வெல்லமும் தின்றுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லையாம்.

"நான் எங்கயோ தப்பா நெனச்சிகினு இருந்துக்கறேன். நேத்து ரொட்டிதான் தாங்கும்னு நெனச்சேன்" என்றாள் கலா. "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

அப்போதே சொல்லியிருக்கலாம். சோறு போட்டேன்.

அடுத்த மாதம் மேடம் திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார். ரொட்டியை நாங்க பாத்துக்கறோம், நீ சும்மா வா போதும் என்றாராம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். கலா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சாப்பிட உட்காருவதும் பழையபடி ஜன்னல் பக்கம். "சும்மா வா போதும்னுட்டாங்கம்மா" என்றாள் என்னிடம். அழவில்லை. தோசைக்கல்லில் ரொட்டி சுட்டு வைத்திருந்தேன், அதை எடுத்து, கட்டை விரலால் அமுக்கப்போய், அமுக்காமலேயே வாயில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தாங்கவில்லை. ஒரு மலையை மட்டும் நான் கெடுக்கவில்லை. அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று ஆக்கிவிட்டேன்.

ஒரு புதன்கிழமை முதலாளியிடம் அரை நாள் கேட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் மணலிக்குப் போனேன். பிறந்ததிலிருந்து நானாக ஒரு இடத்துக்குப் போய் நானாக ஒருத்தரிடம் பேசினது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். கல்யாணத்தில்கூட நான் பேசினது கிடையாது. கையில் பழைய பேப்பரில் சுற்றின ஒரு நேற்று ரொட்டி. எதற்கு எடுத்துப்போனேன் என்று கேட்டால் தெரியாது. வெறும் கையோடு போகக் கூச்சம்.

கேட்டுக்கு எதிரில் டேங்கர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு லாரி நிழலில் நின்றுகொண்டேன். கலா வெளியே வந்தால் சக்கரத்துக்குப் பின்னால் போய்விடலாம் என்று ஏற்பாடு. வாட்ச்மேன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னாம்மா, ஒரு மணி நேரமா டயரையே பாத்துகினு கீற? வாங்கப் போறியா?"

"மேடத்தப் பாக்கணும்."

"எந்த மேடம்?"

பெயர் எனக்குத் தெரியவில்லை. கலா எப்போதும் மேடம் என்றுதான் சொல்வாள். "மலைக்குப் போற மேடம்" என்றேன்.

"அதுவா! அது ஒண்ணுதான் கீது அந்த மாதிரி" என்று சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னார்.

வந்தவரைப் பார்த்தால் நான் நினைத்த மாதிரி இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். தலையில் மஞ்சள் தொப்பி, கழுத்தெல்லாம் வேர்வை. "சொல்லுங்கம்மா" என்றார். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது அத்தனையும் மறந்துபோனது. ரொட்டியை நீட்டினேன்.

"நான் கலா அம்மா. அவ மேல தப்பு இல்லம்மா. அவ நேத்து ரொட்டிதான் கேட்டா. நான்தான் சூடா வெச்சிட்டு நேத்துதுன்னு பொய் சொல்லிட்டேன்."

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

"பெரியவங்களுக்கு எப்டிம்மா பழச குடுக்கறது."

ரொட்டியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "டீ சாப்பிடறீங்களா?" என்றார். லாரிக்காரர்கள் டீ குடிக்கிற கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். "எனக்கு இத்தனை வருஷமா இதுதான் தொல்லை. எந்த ரொட்டி எடுத்துட்டுப் போறதுன்னு சொல்லுங்க. எப்படிக் கட்டறதுன்னும் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் எனக்கே நம்ப முடியவில்லை, அவ்வளவு பேசினேன். மலை ஏறுவதற்கு நேற்று ரொட்டிதான் சரி. உள்ளே இருக்கிற ஈரம் அடங்கி, மேல்தோல் கெட்டியாகி, பையில் இடிபட்டாலும் உருக்குலையாது. இனிப்பு ரொட்டி வேண்டாம், எறும்பு வரும், சீக்கிரம் கெடும், உப்பு ரொட்டி. மூடி போட்ட அச்சில் சுட்ட சதுர ரொட்டி. உப்பின தலை இருந்தால் பையில் இடத்தை அடைக்கும், அதுதான் முதலில் நசுங்கும். பிளாஸ்டிக் வேண்டாம், துவைத்துக் காய்ந்த வேட்டித் துணியில் சுற்றுங்கள். பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அறுக்கும்போது ஓரத்திலிருந்து அறுக்கக்கூடாது. நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிஞ்சின இரண்டு பாதியையும் முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டிவிட்டால் காயாது. மறுநாளும் மெத்தென்று இருக்கும். எல்லாம் என் வீட்டில் செய்கிறதுதான். அந்த அம்மாள் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொல்வதை ஒருத்தர் எழுதிக்கொண்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். டீ ஆறிவிட்டது.

"கலா கிட்ட நான் வந்தத சொல்லிடாதீங்கம்மா" என்றேன் கிளம்பும்போது.

அவர் எப்படி மனதை மாற்றினாரோ, அடுத்த தரம் கலா போனாள். ரொட்டி மேடமே கொண்டுவந்தார், துணியில் சுற்றி. மலைமேல் பாறையில் உட்கார்ந்து ரொட்டியை நடுவில் வெட்டி, பாதி பாதியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். உடனே கலாவுக்கு விளங்கிவிட்டது. அது எங்கள் வீட்டு வழக்கம் இல்லையா. "இது யாரு மேடம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டு, விடாமல் கேட்டு, பதிலை வாங்கிவிட்டாள். பெரியவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா, நேத்து ரொட்டி துன்னுதான நான் வளந்தேன். அது உனக்கு கேவலமா?"

சத்தமாகக் கேட்கவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேவலம் என்று சொன்னாலும் தப்பு, இல்லை என்று சொன்னாலும் பொய். அவள் அப்பா பீடியைத் தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டார். கலாவே பையை இறக்கினாள். அதிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டின ரொட்டித் துண்டு, கை அகலம். "மிச்சம். துன்னு பாரு" என்றாள். தின்றேன். மலை வரைக்கும் போய்வந்த ரொட்டி. ஒன்றும் ஆகவில்லை அதற்கு.

அடுத்த மாதம் அவள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம். கலா கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, சந்து முனை வரை கேட்கிற மாதிரி, "யம்மா! நேத்து ரொட்டி ஆறு குடு!" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாத்தாங்காட்டு லோடு ஆள் ஒருத்தர், "இன்னா பாப்பா, நேத்து ரொட்டிக்கு இம்மாங் கிராக்கியா?" என்றார்.

"மலைக்கு அதான் மாமு போவும். புச்சு தாங்காது."

"அப்ப நாம துன்றது மல ரொட்டி!" என்று அவர் பக்கத்து ஆளைத் தட்டினார். "யக்கா, எனக்கும் ஒரு மல ரொட்டி." அன்றிலிருந்து லோடு ஆட்கள் மட்டும் அதை வாய்விட்டுக் கேட்டார்கள். மற்றவர்கள் பழையபடி கேக்கைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். நானும்கூட ரொட்டியை முந்தானைக்குள் வைக்கிறதை விட்டுவிடவில்லை. கை தானாகப் போகும்.

கலா வரிசையாக நாலைந்து வருஷம் போனாள். கட்டை விரலால் அமுக்கி அவளே பொறுக்கி எடுப்பாள். வேலை கடைசிவரை டெம்பரரியாகத்தான் இருந்தது, சாப்பாடு மட்டும் அந்த மேசையில். மேடம் வடக்கே எங்கோ மாற்றலாகிப் போனார். போகும்போது கடைக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். மாஸ்டர் பாய் முழங்கால் போய் வாணியம்பாடிக்கு மகள் வீட்டோடு போனார், அப்புறம் செய்தி இல்லை. முதலாளி பிள்ளைகளுக்குக் கடை வேண்டாம், இடத்தை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் ரிப்பேர் பண்ணுகிறார்கள். சந்துக்கு ஒரு வாசனையும் இல்லை. ரொட்டி வேனில் வருகிறது, தேதி அச்சடித்து. தேதி தாண்டினால் வேனே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கீழ்த்தட்டு என்று ஒன்று எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. அந்த மலைக்கும் இப்போது யாரையும் விடுவதில்லை என்கிறார்கள். கலாவின் அப்பா போய் ஒன்பது வருஷம்.

கலா இப்போது மணலி புதுநகரில் இருக்கிறாள். நல்ல இடம்தான், நல்ல மாப்பிள்ளைதான், இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தரம் மலைக்குப் போனாள். அப்புறம் வயிற்றில் பிள்ளை, அப்புறம் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, அப்புறம் பள்ளிக்கூடம். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒருத்தரும் சொல்லவில்லை. போயிட்டு வா என்றும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போய்ப் பேசத் தெரிந்தவளுக்கு, சொந்த மகளிடம் அந்த ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

இதில் தப்புகள் இருக்கும். போனவர்கள் எட்டுப் பேரா ஏழு பேரா, முதல் தரம் போனது பங்குனியா சித்திரையா, பாறைக்குள் இருந்த தண்ணீர் ஓடைத் தண்ணீரா ஊற்றுத் தண்ணீரா, மீன் கடித்தது அந்த மலையிலா வேறு மலையிலா, எனக்கு நிச்சயமில்லை. அந்த மலையை நான் பார்த்ததில்லை, அவள் சொல்லிக் கேட்டதுதான். யாராவது கலாவிடம் கேட்டுச் சரிபார்த்தால் நல்லது. நான் கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்று எழுந்து போய்விடுவாள். வேறு யாராவது போய் உட்கார்ந்து, நோட்டை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேளுங்கள். சொல்லுவாள்.